மகன் கிற்றார் வாங்கக் கேட்கிறான்



உங்கள் வீட்டில் பதினெட்டு, இருபது வயதில் ஒரு மகன் இருக்கிறான் என்று வைத்துக் கொள்வோம். படித்து முடித்து ஒரு கடையிலோ, கந்தோரிலோ சிறு சம்பளத்துக்கு வேலை செய்கிறான். ஒரு நாள் இரவு, வாப்பா தூங்கிய பின் மெதுவாக உங்கள் பக்கத்தில் வந்து உட்காருகிறான். "உம்மா, நான் கொஞ்சம் காசு சேர்த்து வச்சிருக்கேன். ஒரு கிற்றார் வாங்கப் போறேன்" என்கிறான்.

நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பெரும்பாலான தாய்மார் ஒன்றில் ஏசுவார்கள், இல்லாவிட்டால் "வாப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன நடக்கும் தெரியுமா?" என்று பயம் காட்டுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். அதன் விளைவைக் கண்ணால் கண்ட பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் இஸ்லாம் பாடம் படித்த மாணவன் ஒருவன், பாடசாலையை விட்டு விலகிய பின் என்னைத் தேடி வந்தான். "மௌலவி, கிற்றார் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டான். நான் ஒரே வசனத்தில் பதில் சொல்லி அனுப்பி விட்டேன். என்ன கிற்றார், எவ்வளவு காசு, யாரிடம் வாங்கப் போகிறாய், எதற்காக வாங்குகிறாய் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவனும் "சரி மௌலவி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

போனவன் வாங்காமல் இருந்தானா? இல்லை. யாருக்கும் சொல்லாமல் வாங்கினான். பாவித்த சாமான் விற்கும் ஒருவரிடம் மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து, இரண்டு பக்கமும் வளைந்த துளைகள் உள்ள, சிவப்பு நிற மின் கிற்றார் ஒன்றை இரவோடு இரவாகக் கொண்டு வந்தான். ஒரு மாதம் செல்லவில்லை. அதன் தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தில் பிளந்து விட்டது. ஏற்கனவே உடைந்திருந்ததைப் பசை போட்டு ஒட்டி, மேலே நிறம் பூசி விற்றிருக்கிறார்கள். திருப்பிக் கொண்டு போனால் விற்றவர் முகம் கொடுக்கவில்லை. வீட்டில் சொல்லவும் வழியில்லை, களவாக வாங்கியதல்லவா?

கடைசியில் கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது தாய் கண்டுபிடித்தார். என்னிடம் வந்து அழுதார். அவர் கிற்றாருக்காக அழவில்லை. காசுக்காகவும் அழவில்லை. "இருபது வருஷம் என்னிட்ட ஒண்டும் மறைக்காத புள்ள, மௌலவி. மூணு மாசமா சம்பளம் வரல்ல எண்டு பொய் சொல்லி இருக்கான்" என்றுதான் அழுதார்.

அந்தப் பொய்யில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அன்று விளங்கிக் கொண்டேன். பிறகு, கிற்றார் திருத்தும் ஒருவரிடம் அந்த உடைந்த சாமானை அவனோடு சேர்ந்து எடுத்துச் சென்றேன். அவர் சொன்னவற்றையும், அதன் பின் நான் தேடி அறிந்தவற்றையும்தான் இங்கு உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மார்க்கத் தீர்ப்புப் பற்றி

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். இது ஒரு பத்வா அல்ல. தந்தி வாத்தியங்கள் ஆகாதவை என்பதே நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலும் ஏனைய மத்ஹபுகளிலும் பெரும்பாலான இமாம்களின் முடிவு. அதற்கு மாறாகக் கருத்துச் சொன்னவர்களும் இருந்திருக்கிறார்கள். ஸ்பெயினின் கொர்தோபாவைச் சேர்ந்த இப்னு ஹஸ்ம் (ஹிஜ்ரி 456, அதாவது 1064இல் மறைந்தவர்) அவர்களில் பிரபலமானவர். உங்கள் வீட்டின் முடிவை நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டு எடுத்துக் கொள்ளுங்கள். மகனையும் கூட அழைத்துச் சென்று, அவன் காதாலேயே கேட்கச் செய்யுங்கள்.

ஆனால் வேண்டாம் என்று சொல்வதானாலும், சரி என்று சொல்வதானாலும், மகன் எதைப் பற்றிப் பேசுகிறான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஒன்றைப் பற்றி நாம் பேசும்போது, "உம்மாவுக்கு இதெல்லாம் விளங்காது" என்று பிள்ளை மனதுக்குள் கதவைப் பூட்டிக் கொள்கிறான்.

இது என்ன சாமான்?

கிற்றாரில் பல வகை உண்டு. சாதாரண மரக் கிற்றார் உள்ளே முழுவதும் வெறுமையான பெட்டி, மின்சாரம் தேவையில்லை. மின் கிற்றாரில் பெரும்பாலானவை ஒரே கட்டை மரம்; தந்தியின் அதிர்வை பிக்கப் எனப்படும் காந்தச் சுருள் மின்னோட்டமாக மாற்றி அம்ப்ளிபயருக்கு அனுப்பும். இவை இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் "செமி ஹொலோ". அதாவது, இரு பக்கமும் வெறுமை. நடுவில் தலையணைக்குள் வைத்த பலகை போல ஒரு மரக்கட்டை.

ஏன் அந்தக் கட்டை? நமது பள்ளிவாசலில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டு போனால் "கூ..." என்று காதைப் பிளக்கும் ஓசை எழும். பெட்டியிலிருந்து வரும் சத்தத்தை ஒலிவாங்கி மறுபடியும் வாங்கி, மறுபடியும் பெருக்கிக் கொண்டே போவதால் வரும் அலறல் அது. வெறும் பெட்டியான கிற்றாருக்குப் பிக்கப் பூட்டி, சத்தத்தைக் கூட்டினாலும் இதேதான் நடக்கும். ஒலிபெருக்கியின் சத்தம் கிற்றாரின் மேல் பலகையை நடுங்க வைக்க, அது தந்தியை நடுங்க வைக்க, அலறல் தொடங்கி விடும். நடுவில் ஒரு கட்டையை வைத்து விட்டால் பலகை அவ்வளவாக நடுங்காது. இரு பக்கத்து வெறுமையினால் ஓசையில் ஒரு இதமும் மிஞ்சும்.

அமெரிக்கரான லெஸ் போல் என்பவர் 1940ஆம் ஆண்டளவில் இதை ஒரு முரட்டு வழியில் செய்து பார்த்தார். நாலங்குலத்துக்கு நாலங்குலம் பைன் மரக்கட்டை ஒன்றில் தந்திகளைப் பூட்டினார். பார்ப்பவர்களுக்குக் கிற்றாராகத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒரு கிற்றாரின் உடலை இரண்டாகப் பிளந்து கட்டையின் இரு பக்கமும் ஒட்டினார். அதற்கு "மரக்குற்றி" என்றே பெயர் வைத்தார். 1958இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இருந்த கிப்சன் கொம்பனி, டெட் மக்கார்ட்டி என்பவரின் தலைமையில், ஈ.எஸ். 335 என்ற கிற்றாரை வெளியிட்டது. மெல்லிய உடல், நடுவில் மேப்பிள் மரக்கட்டை, இரு பக்கமும் வளைந்த துளைகள். இன்று உங்கள் மகன் கேட்கும் கிற்றார் எந்தப் பெயரில் வந்தாலும் அதன் மூலம் இதுதான்.

ஊதிலிருந்து எபிபோன் வரை

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "கிற்றார்" என்ற சொல்லே ஸ்பானிய மொழியில் நின்று வந்தது. கிரேக்கத்தின் "கிதாரா", அரபியின் "கீதாரா" எல்லாம் அதன் சொந்தக்காரச் சொற்கள். ஐரோப்பியர் "லூட்" என்று வாசித்த வாத்தியமோ, பெயரோடு சேர்ந்து நேராக அரபியின் "அல்ஊத்"; மரம் என்பதே அதன் பொருள். பக்தாதிலிருந்து 822இல் கொர்தோபா வந்து சேர்ந்த ஸிர்யாப், ஊதுக்கு ஐந்தாவது தந்தியைச் சேர்த்தவர் என்று வரலாற்றில் சொல்லப்படுகிறார்.

மலிவான செமி ஹொலோ கிற்றார்களில் இன்று பெயர் பெற்ற இரண்டின் கதையும் அந்தப் பக்கத்தைத் தொட்டே போகிறது. எபிபோன் என்ற கொம்பனியின் வேர் உஸ்மானியர் ஆட்சியில் இருந்த ஸ்மிர்னா (இன்றைய துருக்கியின் இஸ்மீர்) நகரில் வாத்தியம் செய்த அனஸ்தாசியோஸ் ஸ்ததோபூலோ என்ற கிரேக்கத் தச்சர். அவர் குடும்பத்தோடு நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். 1915இல் அவர் இறந்தபோது மூத்த மகன் எப்பமினொண்டாஸுக்கு இருபத்திரண்டு வயதுதான். தகப்பனின் தொழிலை அந்தப் பிள்ளை பொறுப்பேற்றான். அவனை வீட்டில் அழைத்த "எப்பி" என்ற செல்லப் பெயரே 1928இல் கொம்பனியின் பெயரானது. மேலே சொன்ன மரக்குற்றியை லெஸ் போல் செய்ததும் அவர்களுடைய தொழிற்சாலையில், வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான். எப்பி 1943இல் இறந்தார். 1957இல் போட்டியாளரான கிப்சனே எபிபோனை வாங்கி விட்டது. பிற்காலத்தில் வேலை ஜப்பானுக்கும், கொரியாவுக்கும், பின் சீனாவுக்கும் போனது.

மற்றது இபானெஸ். ஜப்பானின் நகோயா நகரத்து ஹொஷினோ குடும்பம் 1908இல் ஒரு புத்தகக் கடையோடு சேர்த்துத் தொடங்கிய வாத்திய வியாபாரம் அது. ஸ்பெயினின் வலன்சியாவில் கிற்றார் செய்த சல்வடோர் இபானெஸ் என்பவரின் சாமான்களை வரவழைத்து விற்று, அந்தப் பெயரையே தமதாக்கிக் கொண்டார்கள்.

மலிவு என்றால் மட்டமா?

அமெரிக்காவில் செய்யப்படும் கிப்சன் ஈ.எஸ். 335 ஒன்று இன்று மூவாயிரம் டொலருக்கு மேல். 1958க்கும் 1960க்கும் இடையில் செய்த பழையது என்றால் பல்லாயிரம் டொலர். அதைப் பார்த்து மிரள வேண்டாம். அதே அமைப்பில், வேறு நாட்டுத் தொழிற்சாலைகளில் செய்யப்படுபவை ஏறக்குறைய முந்நூறு முதல் எழுநூறு டொலருக்குள் கிடைக்கின்றன. 1997இல் எபிபோன் வெளியிட்ட "டொட்" என்ற கிற்றார் பல வருடங்கள் ஏழை மாணவரின் 335 என்றே இருந்தது. பழைய 335களின் விரல் பலகையில் இருந்த புள்ளிகளை வைத்து வந்த பெயர் அது. இபானெஸ் 2002இல் "ஆர்ட்கோர்" என்ற வரிசையைக் கொண்டு வந்தது. அதில் "ஏ.எஸ்." என்று தொடங்குபவை செமி ஹொலோ, "ஏ.எப்." என்று தொடங்குபவை முழு வெறுமை. எபிபோன் "கசீனோ"வும் பார்வைக்கு 335 போலவே இருக்கும். ஆனால் உள்ளே கட்டை கிடையாது. பெயரில் இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் பலர்.

"இது பிளைவூட் சாமான், வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அதையும் நம்பி விடாதீர்கள். இந்த வகைக் கிற்றாரில் விலை கூடியதன் உடலும் ஒட்டுப் பலகைதான். 1958இலிருந்தே அப்படித்தான். விலை வித்தியாசம் வருவது கூலியில், பிக்கப்பில், பொத்தான்களில், கம்பிகளில், மெருகில். மலிவான கிற்றாரில் முதலில் பழுதாவதும் அந்தச் சிறு சாமான்களே.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை

பாவித்ததாக இருந்தாலும் புதியதாக இருந்தாலும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கையில் ஒரு சிறிய டோர்ச் லைட் இருக்கட்டும்.

1. துளைக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். நடுப்பக்கமாக மரச்சுவர் தெரிந்தால் செமி ஹொலோ. மறுபக்கத் துளை வரை வெட்டவெளியாகத் தெரிந்தால் முழு வெறுமை. உள்ளே ஒட்டிய கடதாசியில் மொடல் பெயர் இருந்தால் வாசியுங்கள். சொன்ன பெயரும் இருக்கும் பெயரும் ஒன்றா?

2. தலைப்பகுதியும் கழுத்தும் சேரும் இடத்தைப் பின்பக்கம் திருப்பி, விரலால் தடவிப் பாருங்கள். இந்த அமைப்பில் தலை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், விழுந்தால் முதலில் உடைவது அங்கேதான். மயிரிழை போன்ற கோடு, நிறம் மாறிய திட்டு, மேடு பள்ளம் எது இருந்தாலும் கேளுங்கள். நன்றாக ஒட்டிய கழுத்து நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அதற்குரிய விலை வேறு. என் மாணவன் ஏமாந்தது இந்த ஓரிடத்தில்தான்.

3. கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்க்க, தடித்த தந்தியை முதலாவது பிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்தச் சொல்லுங்கள். நடுவில், ஏழாவது பிரெட்டின் மேல், தடித்த கடதாசி ஒன்று நுழையும் அளவு இடைவெளி போதும். அதிகமாயின் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரி செய்யலாம். அந்தத் திருகு இறுகிப் போயிருந்தால் விட்டு விட்டு வாருங்கள்.

4. அம்ப்ளிபயரில் பூட்டாமல் வாங்க வேண்டாம். ஒவ்வொரு பொத்தானையும் இரு பக்கமும் திருப்பி, ஆளியை மூன்று நிலையிலும் மாற்றிப் பாருங்கள். கரகரப்போ, சத்தம் விட்டு விட்டு வருவதோ இருந்தால் சாதாரணமாக நினைத்து விடாதீர்கள். கட்டை மரக் கிற்றாரில் பின்மூடியைக் கழற்றிப் பத்து நிமிடத்தில் சரி செய்வதை, இதில் எல்லாக் கம்பிகளையும் அந்த வளைந்த துளை வழியாக வெளியே இழுத்து, மறுபடி உள்ளே விட்டுத்தான் சரி செய்ய வேண்டும். வேலை அதிகம், கூலியும் அதிகம்.

5. கேபிள் குத்தும் குழியின் வளையம் இறுக்கமாக இருக்கிறதா? அது தளர்ந்து சுழன்றால் உள்ளே கம்பி முறுக்கி அறுந்து விடும்.

6. ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு பிரெட்டிலும் மகன் வாசிக்கட்டும். எங்காவது ஓசை செத்தால் அல்லது இரைந்தால் பிரெட் தேய்ந்திருக்கலாம். பிரெட் முழுவதையும் மாற்றும் கூலி, மலிவான கிற்றாரின் விலையில் பெரும் பங்கைத் தின்று விடும்.

7. மடியில் வைத்தும், தோளில் போட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பதினாறு அங்குல அகலம், மூன்றரை, நான்கு கிலோ பாரம். சிறிய உடம்புப் பிள்ளைக்கு இது பெருஞ்சுமை.

குறையை மறைத்து விற்பது எந்தப் பொருளாயினும் மோசடியே. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தை வெளியே காட்டி, அந்த வியாபாரியைக் கண்டித்த நமது நபி (ஸல்) அவர்களின் சம்பவம் நீங்கள் அறிந்ததுதான். வாங்கிய பொருளில் முன்பே இருந்த குறை பின்னர் தெரிய வந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது நமது பிக்ஹு நூல்களில் உள்ள சட்டம். கண்டவுடன் தாமதியாமல் திருப்ப வேண்டும். ஆகவே விற்பவரிடம் "உடைந்ததா, ஒட்டியதா, எதையாவது மாற்றியதா?" என்று சாட்சியோடு கேளுங்கள். சிறு துண்டில் எழுதியும் வாங்குங்கள். நேர்மையான மனிதர் எழுதித் தரத் தயங்க மாட்டார்.

விலைக்கு வெளியே உள்ள விலை

கையில் இருக்கும் காசு முழுவதையும் கிற்றாருக்கே கொடுக்க விடாதீர்கள். சிறிய அம்ப்ளிபயர், கேபிள், தோள்பட்டி, உறை, புதுத் தந்தி, ஒரு தடவை சரி செய்யும் கூலி எல்லாம் இருக்கின்றன. மூன்றில் ஒரு பங்கையாவது அதற்கு ஒதுக்க வேண்டும். அம்ப்ளிபயரில் ஹெட்போன் குத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கைக்குழந்தையும், வயதான மாமியும், பக்கத்து வீடும் உள்ள நமது வீடுகளில் இது அவசியம். அம்ப்ளிபயர் இல்லாமலே கட்டிலில் இருந்து மெதுவாகப் பழகக்கூடிய அளவுக்கு இந்தக் கிற்றாரில் சத்தம் உண்டு. கட்டை மரத்தில் அது மிகக் குறைவு. இந்த வகையை இளைஞர் விரும்ப அதுவும் ஒரு காரணம்.

கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்றிலும் வியர்வையிலும் தந்தி விரைவில் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்ததும் பழைய பருத்தித் துணியால் துடைத்து, உறைக்குள் வைக்கப் பழக்குங்கள். வெயில் விழும் ஜன்னலோரமும், பூட்டிய வாகனமும் ஆகாது. ஒட்டுப் பிடித்த இடங்கள் சூட்டில் விட்டுவிடும்.

கடைசியாக...

எனது அந்த மாணவனின் கிற்றாரைத் திருத்துபவர் மறுபடி ஒட்டித் தந்தார். அதற்கான கூலியை மகனே உழைத்துக் கொடுக்க வேண்டும் என்று தாய் சொல்லி விட்டார். அவனுடைய வாப்பாவிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "என்னட்ட கேட்டிருந்தா நான் வேணாம் எண்டுதான் சொல்லியிருப்பேன் மௌலவி. ஆனா கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

சகோதரிகளே! அந்தத் தகப்பனின் வார்த்தையைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். பிள்ளை கேட்பதற்கெல்லாம் ஆம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கேட்கத் தகுந்த வீடாக நமது வீடு இருக்க வேண்டும். "வேண்டாம்" என்று சொன்னாலும், காரணம் சொல்லி, பொறுமையாகச் சொல்லுங்கள். "சரி" என்றால், காசைக் கையில் கொடுத்து அனுப்பி விடாமல், ஒரு சிறிய டோர்ச் லைட்டை எடுத்துக் கொண்டு நீங்களும் கூடப் போங்கள்.

கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைக்கும் நிலைக்கு எந்தப் பிள்ளையையும் அல்லாஹ் ஆளாக்காமல் இருப்பானாக.